அது சுவிஸ் துவக்கு

கெய்ட்லின் சுவிட்சர்லாந்தின் பீல் நகரை விட்டுப் போனது ஒரு வெள்ளிக்கிழமை. அவளை ரயிலேற்றிவிட்டுத் திரும்பும்போதே இந்த இனத்தைப் பற்றி எழுதியே தீருவதென்று முடிவெடுத்தேன். வாசகரே, கடவுச்சீட்டைப் பார்த்தே குணம் சொல்லிவிடுகிற இனம் இது.

எங்கள் மேல்மாடியில் ஒருவர் இருக்கிறார், பாலேந்திரன் மாமா. மணிக்கூட்டுத் தொழிற்சாலையில் வேலை. மணிக்கூட்டைத் திறந்து பார்த்துத்தான் பழுது சொல்வார். மனிதர்களுக்கு அது தேவையில்லை. இத்தாலிக்காரன் என்றால் சத்தம், ஜெர்மன்காரன் என்றால் சட்டம், அமெரிக்கன் என்றால் சிரிப்பு, சீனி, துவக்கு என்கிற துப்பாக்கி. நான் நாடு நாடாக அலைந்துவிட்டு வந்தவள். எல்லா நாட்டைப் பற்றியும் எனக்குச் சந்தேகம். அவர் லண்டனிலுள்ள தங்கை வீட்டுக்கு மட்டும் போய்வந்தவர். ஒரு சந்தேகமும் இல்லை.

அமெரிக்காவின் ஒஹாயோவிலிருந்து வந்து இங்கே பேக்கரியில் வேலை செய்த என் தோழி கெய்ட்லினுக்கு மாத முடிவுக்குள் ஓர் அறை தேவைப்பட்டது. கிடைக்காவிட்டால் வேலையை விட்டு, ஷாஃப்ஹவுசன் நகரில் யாரோ வீட்டுச் சோபாவுக்குப் போகவேண்டும். மாமாவின் மகள் கல்யாணமாகிப் போனதில் ஓர் அறை காலி. கூட்டிப்போனேன். அவருடைய ஜெர்மனும் அவளுடைய ஜெர்மனும் சந்திக்க மறுத்ததால் நடுவில் நான்.

கெய்ட்லின் சிரித்தாள்.

"பாத்தியோ பிள்ளை, சும்மா சிரிக்குது!"

தேநீருக்குச் சீனி வேண்டாம் என்றாள்.

"வேண்டாமாம்! உண்மையா அமெரிக்காக்காரிதானோ?" பிறகு குரலைத் தாழ்த்தினார். "இவவிட்டத் துவக்கு இருக்கோ எண்டு கேள்."

"மாமா!"

"கேள் பிள்ளை. அவையள் எல்லாரும் வச்சிருப்பினம்."

கேட்டேன். தொட்டதே இல்லை என்றாள். நம்பாத முகத்தோடு மாமா அறையைக் காட்டி, அலுமாரியையும் திறந்தார். உள்ளே பட்டு வேட்டிக்கும் குளிர்கால ஜாக்கெட்டுக்கும் நடுவில், கறுப்பாக, நீளமாக ஒரு துவக்கு.

கெய்ட்லினின் சிரிப்பு நின்றது.

"அது மகன்ர ஆமித் துவக்கு. இஞ்ச பெடியள் எல்லாரும் ஆமிக்குப் போகவேணும், துவக்கையும் கையில குடுத்துத்தானே வீட்ட அனுப்புறாங்கள். பயப்படவேண்டாம் எண்டு சொல்லு. அது சுவிஸ் துவக்கு. ஒண்டும் செய்யாது."

அறை? "யோசிச்சுச் சொல்லுறன்" என்றார். மாதம் முடிந்தும் யோசித்து முடியவில்லை. அமெரிக்காக்காரியை எப்படி நம்புவது?

கெய்ட்லின் ரயிலேறி எட்டு மாதம் கழித்து ஷாஃப்ஹவுசனிலிருந்து அவளுடைய செய்தி வந்தது: "ஒரு தமிழ்க் குடும்பம் அறை தருகிறது. நல்ல ஆட்கள். துவக்கை எந்த அலுமாரியில் வைத்திருக்கிறீர்கள் என்று மரியாதையாக எப்படிக் கேட்பது? தமிழர் வீடென்றால் இருக்கும்தானே?"

எனக்கு வந்த கோபம்! ஒரேயொரு வீட்டைப் பார்த்துவிட்டு இப்படியா? இந்த அமெரிக்கர்களே இப்படித்தான்.

என்ன, நீங்களும் தலையாட்டுகிறீர்கள் போலிருக்கிறதே?