மெத்தை வாங்கினால் காது இலவசம்

புகார் எழுதிப் போட்ட புண்ணியவானே, நீ யாராக இருந்தாலும் சரி, உனக்கு வெட்கம் மானம் இருக்கிறதா? பேர் போட்டு எழுதத் துப்பில்லை! ஒரு பொம்பளை ஐம்பது வயசுக்கு மேலே காலேஜுக்குப் போயிருக்கிறாள். பெற்ற பிள்ளை வயசுப் பசங்களோடு உட்கார்ந்து, காது மந்தமானவர்களைச் சோதித்துக் கருவி பொருத்தும் படிப்பைப் படித்திருக்கிறாள். ஆஸ்பத்திரியில் பயிற்சியும் முடித்துவிட்டு, மாநில உரிமத்துக்கு விண்ணப்பித்துக் காத்திருக்கிறாள். அவள் சோற்றிலா மண்ணள்ளிப் போடுவது?

இப்படித்தான் மெர்வின் கோலார், அமெரிக்காவில் நெப்ராஸ்கா மாநிலத்தின் அந்தச் சோளக்காட்டு ஊர் முழுக்கக் கத்திக்கொண்டு திரிந்தார்.

கத்த அவருக்குப் பாத்தியதை உண்டு. மீசை முளைக்குமுன் வீட்டை விட்டுத் துரத்தப்பட்ட ஆள். குப்பையில் கிடந்த மெத்தையைத் தைத்து விற்று, அதில் வந்ததில் ரெண்டு மெத்தை வாங்கி, இன்றைக்கு மெயின் தெருவில் ஒரு கட்டிடம் நிறைய மெத்தையும் சோபாவும் அடுக்கி வைத்திருக்கிறார். பேரம் என்று வந்துவிட்டால் எமனே ஆனாலும் எருமையை விற்றுவிட்டு நடந்துதான் போகவேண்டும். விற்ற கட்டிலுக்கு ஓர் ஆணிகூடக் கொசுறாகக் கொடுத்ததில்லை.

அப்படிப்பட்டவர் மாட்டிக்கொண்டது ஒரு பலகையால். மனைவி டார்லினுக்கு உரிமம் வருமுன்பே கடை வாசலில் மாட்டிய பலகை. 'கோலார் மெத்தைகள், கோலார் செவித்திறன் நிபுணர். மெத்தை வாங்கினால் காதுச் சோதனை இலவசம்' என்று எழுதச் சொல்லியிருந்தார். பெயிண்டருக்கு இடம் போதவில்லை. 'காது இலவசம்' என்று முடித்துவிட்டான்.

டார்லின் அதைப் பார்த்த அன்றே சொன்னாள்.

"மெர்வ், அதை இறக்கு."

"ஏன், எழுத்து நல்லா இல்லையா?"

"உரிமம் இல்லாம 'செவித்திறன் நிபுணர்'னு எழுதறதே சட்டப்படி குத்தம்."

"வரத்தானே போகுது? கல்யாணம் நிச்சயமானா பத்திரிகை அடிக்கறதில்லையா?"

"பத்திரிகை அடிக்கலாம். முதலிரவு நடத்தக் கூடாது. அது கிடக்கட்டும், உன் கடையில நான் உட்கார மாட்டேன்னு எத்தனை தடவை சொல்றது? எனக்குன்னு தனி இடம் வேணும்."

"வாடகை கொடுத்தா? நான் உசிரோட இருக்கும்போதா?"

"சோதனைக்குச் சத்தம் புகாத அறை வேணும், மெர்வ்."

"கட்டிட்டேனே!"

கட்டித்தான் வைத்திருந்தார். கடைக் கோடியில் நாலு பக்கமும் மெத்தை. கூரைக்கும் மெத்தை. கதவு இரட்டைக் கட்டில் மெத்தை.

"உள்ள போய்ப் பாரு தாயே! வெளியில டிராக்டர் ஓட்டினாலும் கேட்காது."

"மூச்சும் விட முடியாது. காது கேட்காம வர்றவன் உசிரு இல்லாமப் போவான்."

"தூங்கிப் போவான். எழுந்ததும் அந்த மெத்தையையே அவன் தலையில கட்டிடலாம்."

டார்லின் அதற்கு மேல் பேசவில்லை. பேசாமல் போனாளே என்று மெர்வின் மகிழ்ந்தார். ஐயோ பாவம், மகிழ்ந்தார்!

அடுத்த வாரமே உரிம வாரியத்திலிருந்து அழைப்பு வந்தது. பலகை பற்றி மொட்டைப் புகாராம். விண்ணப்பத்தை முடிவு செய்யுமுன் கடைக்காரரும் வந்து விளக்கம் தரவேண்டுமாம்.

"வர்றேன்டா!" என்று மெர்வின் கோட்டு மாட்டினார். வாரியம் இருக்கும் லிங்கன் நகரம்வரை வண்டியில் ஒத்திகை நடந்தது. என் கடை, என் பெண்டாட்டி, என் பலகை, நீ யாரு கேட்க? பக்கத்தில் டார்லின் ஜன்னல் வழியே சோளக்காட்டையே பார்த்துக்கொண்டு வந்தாள்.

வாரியத் தலைவி கண்ணாடி போட்ட ஒல்லி அம்மாள். மெர்வினை எழுப்பி நிறுத்தி, கையை உயர்த்திச் சத்தியம் செய்யச் சொன்னாள். செய்தார். பிறகு ஒரே கேள்வி கேட்டாள்.

"மிஸ்டர் கோலார், அந்தப் பலகையில் இருக்கும் செவித்திறன் தொழில் உங்கள் மனைவியுடையதா? ஆமாம் என்றால், உரிமம் இல்லாமலே அவர் தொழிலுக்கு விளம்பரம் செய்ததாக ஆகும். விண்ணப்பத்தை நிராகரிக்க வேண்டியிருக்கும்."

மெர்வின் தொண்டைவரை வந்திருந்த கர்ஜனையை விழுங்கினார். வியாபாரி அல்லவா, சரக்கு கைநழுவுவது தெரிந்துவிட்டது. நொடியில் பிளேட்டைத் திருப்பிப் போட்டார்.

"இல்லவே இல்லீங்க! பலகை என் கிறுக்குத்தனம். அவ வேண்டாம்னுதான் சொன்னா. என் கடைக்கும் அவ தொழிலுக்கும் ஒட்டும் இல்ல, உறவும் இல்ல."

"நல்லது. அது போதும்."

போதும் என்கிறாளே, உட்கார வேண்டாமா? உட்காரவில்லை. சூடு ஏறிவிட்டது.

"இனிமேலும் இருக்காது! அவ அந்தக் கடையில ஒரு நாளும் காது பார்க்க மாட்டா! எந்தக் காலத்திலும்! எழுதிக்குங்க!"

எழுதிக்கொண்டார்கள். வாழ்நாளில் ஆணிகூடக் கொசுறு தராத மனிதர், சத்தியத்தில் கொசுறு கொடுத்துவிட்டார். அதையே நிபந்தனையாக்கி, மீறினால் உரிமம் ரத்து என்று சொல்லி, அங்கேயே டார்லினுக்கு உரிமம் வழங்கினார்கள்.

வண்டி நிறுத்துமிடத்துக்கு வந்ததும் மெர்வின் நெஞ்சை நிமிர்த்தினார்.

"பார்த்தியா? எப்படி வாங்கிக் கொடுத்தேன்! இப்போ அந்த மொட்டைப் புகார்க்காரன் மட்டும் என் கையில கிடைச்சான்னா..."

"கிடைச்சாச்சு. வண்டியை எடு."

"எங்கே அவன்?"

"உன் பக்கத்துல. நான்தான் எழுதினேன்."

சாவி கீழே விழுந்தது.

"நீயா! உன் உரிமத்துக்கு நீயே உலை வெச்சியா?"

"வேற யாராவது எழுதியிருந்தா, நானும் உடந்தைன்னு ஆகியிருக்கும். பலகை மாட்டினது கடைக்காரர்தான், அவரையே கூப்பிட்டுக் கேளுங்கன்னு நான் எழுதினேன். இத்தனை வருஷத்துல நான் பேசி உன்னை ஒரு தடவையாவது ஜெயிச்சிருக்கேனா, மெர்வ்? அதான் உன்னையே பேச விட்டேன். ஆக்னஸோட பேக்கரி மாடியை வாடகைக்குப் பேசிட்டேன். திங்கள்கிழமை திறப்பு."

மெர்வின் சாவியைப் பொறுக்கினார். தோற்றவர் மாதிரி அல்ல, ரெண்டாவது சுற்றுக்குக் குனிகிறவர் மாதிரி.

"சரி. வாரத்துல ஒரு நாள் என் கடையில உட்காரு."

"மாட்டான்னு நீயே சத்தியம் பண்ணியிருக்கே."

"கடை வாசல்ல உன் பேரு மட்டும்?"

"ரத்து."

"சரி, போகட்டும்! நோயாளிங்க காத்திருக்க நாற்காலி வேணுமில்ல? அதையாவது என் கடையில வாங்கு! கடைசி விலை, இதுக்குக் கீழே இறங்க மாட்டேன்!"

"வாங்கிட்டேன்."

"எந்தத் திருட்டுப் பய கடையில?"

"உன் கடையிலதான். போன வாரம் ஆக்னஸ் வந்து பாதி விலைக்கு அடிச்சுப் பேசி வாங்கினாளே, அது எனக்குத்தான்." டார்லின் சீட் பெல்ட்டை மாட்டினாள். "அதுல ஒண்ணு கால் ஆடுது. திங்கள்கிழமைக்குள்ள வந்து சரி பண்ணிக் கொடு."