உமிச் சாம்பலும் ஒரு தட்டு பஜ்ஜியும்

பெண் கொடுக்க வருகிறவரிடம் உத்தியோகத்தைச் சொன்னால் போதும். செய்து காட்டக் கூடாது. எனக்கு இது தாமதமாகத்தான் புரிந்தது.

எழுபதுகளின் கடைசி. தில்லியில் ஓர் ஆய்வுக்கூடத்தில் வேலை. உமிச் சாம்பலை அமிலத்தில் கழுவிக் காயவைத்து எண்ணெயில் கலந்தால், நிறத்தையும் கசடையும் அது இழுத்துக்கொள்ளும். வடிகட்டினால் தெளிந்த எண்ணெய். இதுதான் என் ஆராய்ச்சி. நான் கட்டிக்கொள்ள ஆசைப்பட்ட கிட்வாய் நகர் வசந்தாவின் அப்பா செக்‌ஷன் ஆபீசர். "பையன் சாம்பல் அள்ளுறானாமே?" என்று வீட்டில் கேட்டாராம். (வசந்தாவே சொன்னாள். அன்றோடு என் தூக்கம் போயிற்று.) அவள் கிடைக்காமல் போய்விடுவாளோ என்று பயம்.

கரோல் பாகில் என் அக்கா வீட்டுக்கு ஞாயிற்றுக்கிழமை அவர் என்னைப் பார்க்க வருவதாக ஏற்பாடு. கடுகெண்ணெய் வாடையே அவருக்கு ஆகாதாம். அந்தக் கடுகெண்ணெயையே சுத்தம் செய்து, அதில் பஜ்ஜி போட்டு அசத்தத் திட்டமிட்டேன். கழுவிய உமிச் சாம்பல் இருக்கும் ஆய்வுக்கூடம் ஞாயிறன்று பூட்டியிருக்கும் என்பது ஞாயிறன்றுதான் நினைவுக்கு வந்தது. (ஆராய்ச்சியாளன்!) எதிர் மிட்டாய்க்கடை அடுப்பில் காய்ந்த கடுகுச் செடிகளை எரிப்பார்கள். எல்லாம் சாம்பல்தானே என்று ஒரு டப்பா வாங்கிவந்து, கழுவாமலே எண்ணெயில் கொட்டிச் சூடாக்கினேன்.

வடிகட்டியதும் எண்ணெய் கொஞ்சம் வெளுத்துத்தான் இருந்தது. அக்கா வாழைக்காய் பஜ்ஜியைப் போட்டாள்.

"டேய், பாலாட்டம் பொங்குதுடா! என்னடா பண்ணித் தொலைச்சே?"

அப்போதுதான் உறைத்தது. கழுவாத சாம்பலில் சலவைச் சோடா மாதிரி காரம் இருக்கும். அது எண்ணெயோடு சேர்ந்தால் சோப்பு. வாசலில் மணி அடித்தது.

வேறு பலகாரம் இல்லை. வசந்தாவின் அப்பா ஒன்றைக் கடித்தார். மெல்வதை நிறுத்தினார். ஒன்றுமே நடக்காததுபோல் நானும் ஒன்றைப் போட்டுக்கொண்டேன். துணி சோப்பைச் சட்னியில் தொட்டுத் தின்றதுபோல் இருந்தது.

"நல்லா வந்திருக்கு, இல்லேக்கா?" என்று சிரித்தேன். நிறுத்தினால் குட்டு வெளிப்பட்டுவிடும் என்ற பயத்தில் தட்டையே காலி செய்தேன்.

அவர் தண்ணீர் குடித்துவிட்டு எழுந்தார். போச்சு, எல்லாம் போச்சு என்று நின்றேன். செருப்பை மாட்டிக்கொண்டே அக்காவைப் பார்த்தார்.

"அச்சா, முகூர்த்தம் பாருங்கம்மா. இந்த பஜ்ஜியை முகம் சுளிக்காம சாப்பிட்டவர் எம்பொண்ணு சமையலையும் தாங்கிடுவார்."

அதோடு எங்கள் வீட்டில் சாப்பாட்டைக் குறை சொல்லும் உரிமை எனக்குப் பறிபோனது. சாம்பாரில் உப்பில்லை என்று வாயெடுத்தால் போதும். தில்லியிலேயே பிறந்து இந்தி கலந்த அரைகுறைத் தமிழ் பேசும் என் மகள்கூட விடுவதில்லை.

"அப்பா, வோ... அந்த பஜ்ஜி சாப்பிட்டீங்க இல்லே? இதுவும் சாப்பிடுங்க, பஸ், அவ்ளோதான்!"