குழாய் சொட்டுகிறது, பத்து நாள் தவணை வேண்டும்

கோகாண்ட்,
வியாழன் காலை

பெருமதிப்புக்குரிய சம்பந்தி எர்காஷ் அவர்களுக்கு நிஜோமித்தீன் பணிவுடன் எழுதிக்கொள்வது.

தாங்களும் தங்கள் வீட்டாரும் சுகமாக இருப்பீர்கள், தங்கள் முழங்கால் வலி குறைந்திருக்கும், தாஷ்கண்டில் வெயில் இன்னும் முறுக்கேறியிருக்காது என்று நம்புகிறேன். இங்கே எல்லோரும் நலம். எல்லோரும் என்றால் நான் ஒருவன்தான். பேத்தி பிறந்த அன்று அங்கே வந்த என் மனைவி சலோமத் இன்னும் உங்கள் வீட்டில்தான் இருக்கிறாள். போனில் பேசாமல் எதற்குக் கடிதம் என்று கேட்பீர்கள். உங்கள் வீட்டில் யார் போனை எடுத்தாலும் ஒலிபெருக்கியை அழுத்திவிட்டுத்தான் சலாமே சொல்கிறீர்கள். இது சலோமத்தின் காதுக்குப் போகக் கூடாத சங்கதி. ஆகவே மதியம் கிளம்பும் வாடகைக் கார்க்காரரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

நாற்பது நாள் காப்பு முடிந்து, வரும் ஞாயிறு குழந்தையை முதன்முதலாகத் தாய்வீட்டுக்கு அழைத்து வருவதாக ஏற்பாடு. அதைத் தாங்கள் பத்து நாள் தள்ளிப்போட வேண்டும். காரணம் தங்களுடையதாக இருக்கட்டும். முழங்காலைச் சொல்லலாம்.

ஏன் என்று சொல்லிவிடுகிறேன். ஊருக்குப் புறப்படும்போது சலோமத் மூன்று வேலை வைத்துவிட்டுப் போனாள். முற்றத்துக் குழாய் சொட்டக் கூடாது, தக்காளி நாற்றைப் பிள்ளைப்பூச்சி அறுக்கக் கூடாது, தெருக்கதவு திறக்கும்போது அலறக் கூடாது. "குழந்தை வர்ற வீடு, பாத்துக்கோங்க" என்றாள். முப்பத்தாறு வருஷம் புவியியல் நடத்தியவனுக்கு ஒரு குழாய் என்ன பிரமாதம் என்று நானும் மார்தட்டினேன். நான்கு முறை வாஷர் மாற்றினேன். ஒவ்வொரு முறையும் அது இரண்டு நாள் வாயை மூடிக்கொண்டு, மூன்றாம் நாள் விட்ட இடத்திலிருந்து ஆரம்பித்தது. பிள்ளைப்பூச்சி தினம் ஒரு நாற்றை அறுத்தது, நான் தினம் ஒரு நாற்றை நட்டேன். வேளை தவறாமல் அவற்றுக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறேன் என்பது மூன்றாவது வாரம்தான் உறைத்தது. கதவுக்குப் பருத்தி எண்ணெய் விட்டேன். அலறல் நிற்கவில்லை, எறும்பு மட்டும் வந்தது.

அத்தோடு விட்டிருக்கலாம். திங்கட்கிழமை அடுத்த வீட்டு கோசிமிடம் ஒரு ஸ்பானர் இரவல் கேட்டேன். நான் செய்த தப்பு அதுதான். எங்கள் மஹல்லாவில் ஸ்பானர் தனியாக வராது, அதன் சொந்தக்காரரும் கூட வருவார். கோசிம் வந்தார், அவர் பின்னால் மச்சான் வந்தார், மச்சானைப் பார்த்து எதிர்வீட்டு மாமசோலி வந்தார். மூன்று பேர் ஒரு முற்றத்தில் கூடி நின்றால் அது ஹஷர், அதாவது ஊர் கூடிச் செய்யும் வேலை. ஹஷர் என்றால் கூலி கிடையாது, ஓஷ் என்னும் கறிச்சோறு உண்டு. மதியத்துக்குள் பதினோரு பேர். "வாத்தியாரே, நீங்க உக்காருங்க, இது எங்க வேலை" என்றார்கள். அரிசியும் கேரட்டும் எடுத்து வைத்தேன். ஆட்டுக்கறி தானாகவே வந்தது. பெரிய கொப்பரை வாசலில் நுழையவில்லை என்று கதவைக் கீலோடு கழற்றி முசுக்கட்டை மரத்தில் சாய்த்தார்கள். மேடு பள்ளம் இல்லாத இடம் ஒன்றுதான் இருக்கிறது என்று தக்காளிப் பாத்தியில் அடுப்புப் போட்டார்கள். பிறகு வட்டமாக உட்கார்ந்து குழாயைப் பற்றிப் பேசினார்கள்.

"வாஷர் இல்லய்யா கோளாறு, மரைதான் தேஞ்சு போச்சு" என்றார் கோசிம்.

"மரையாவது மண்ணாவது! வாத்தியாரோட அப்பா காலத்துலயே இந்தக் குழாய் சொட்டிச்சு. குழாயையே கழட்டு" என்றார் மாமசோலி.

கழற்றினார்கள். அதற்குள் அரிசி போடும் நேரம். தண்ணீர் எங்கே என்று சமையல்காரர் கத்த, நல்ல மனசுக்காரர் யாரோ ஓடிப்போய்த் தெருமுனையில் அடைத்து வைத்திருந்த என் வீட்டு வால்வைத் திறந்துவிட்டார். இங்கே குழாய் இல்லை, வெறும் துளைதான். தண்ணீர் திராட்சைப் பந்தலுக்கு மேலே எழும்பியது. சம்பந்தி, கோபம் வரவில்லை, பார்க்க அழகாகத்தான் இருந்தது. ஆனால் முற்றம் நிரம்பி, வளைக்குள் இருந்த பிள்ளைப்பூச்சி அத்தனையும் குடிபெயர்ந்து, உலர்ந்த இடம் தேடி, குழந்தைக்காக நான் வெள்ளையடித்து வைத்திருந்த அறைக்குள் போய்விட்டன. ஓஷ் மட்டும் பிரமாதமாக அமைந்தது. சாப்பிட்டு, என் பேத்திக்கு நூறு வயசு வேண்டிக் கையேந்தி, முகத்தைத் தடவிக்கொண்டு எழுந்தார்கள்.

"கதவு?" என்றேன்.

"அதுக்கென்ன வாத்தியாரே, அடுத்த ஹஷர்ல மாட்டிட்டாப் போச்சு!"

இப்போது குழாய் சொட்டவில்லை. தண்ணீரும் வரவில்லை. கதவு இல்லாததில் இன்னொரு சங்கடம் இருக்கிறது. கதவு இருந்தவரை தெருவில் போகிறவரை நான் பார்க்கவில்லை. இப்போது பார்த்துவிடுகிறேன். பார்த்தால் "வாங்க, ஒரு வாய் தேநீர்" என்று சொல்லாமல் இருக்க முடியுமா? பத்தில் எட்டுப் பேர் நெஞ்சில் கைவைத்து நன்றி சொல்லிப் போய்விடுகிறார்கள். மீதி இரண்டு பேர் உட்கார்ந்து, குழாயைப் பற்றி யோசனை சொல்கிறார்கள். தேநீருக்குத் தண்ணீர் கோசிம் வீட்டிலிருந்து வாளியில் வருகிறது. வாளியோடு கோசிமும் வருகிறார்.

சம்பந்தி, ஒன்று மனம் விட்டுச் சொல்கிறேன். குழந்தையை நான் இதுவரை போனில்தான் பார்த்திருக்கிறேன். படம் ஆடுகிறது, பாதி நேரம் காதுதான் தெரிகிறது. அவள் வரும் நாளை விரலில் எண்ணிக்கொண்டிருக்கிறவன் நான். அதைத் தள்ளிப்போடச் சொல்லிக் கேட்பது எனக்குச் சந்தோஷமா? ஆனாலும் என் மகள் ஹுமோரா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரும்போது, புகுந்த வீட்டார் முன்னால் தாய்வீடு என்று காட்ட அவளுக்கு ஒரு வாசலாவது வேண்டும். பத்தே நாள். இந்த முறை யாரையும் கூப்பிட மாட்டேன், யாரிடமும் எதையும் இரவல் கேட்க மாட்டேன்.

தங்கள் குடும்பம் தழைக்கட்டும், தங்கள் ரொட்டிக்கும் தேநீருக்கும் குறைவில்லாதிருக்கட்டும், முழங்கால் வலி இன்னும் பத்து நாள் மட்டும் நீடிக்கட்டும். மாப்பிள்ளை போதிர் அவர்களுக்கு என் ஆசி. சலோமத்திடம் ஒன்றும் சொல்ல வேண்டாம்.

தங்கள் அன்புள்ள,
நிஜோமித்தீன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்குள் முற்றத்தில் ஒரு கார் வந்து நின்றது. மறிக்கக் கதவு ஏது, நேராகப் பந்தலடிக்கே வந்துவிட்டது. நேற்றோடு நாற்பது முடிந்ததாம், ஞாயிறு வரை எதற்கு என்று ஹுமோரா போதிரின் வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டாளாம். சலோமத் இறங்கி, கதவைப் பார்த்தாள், குழாய் இருந்த துளையைப் பார்த்தாள், பாத்தியில் கிடந்த சாம்பலைப் பார்த்தாள். "இத்தனையும் ஒத்த ஆளா செஞ்சீங்களா?" என்று மட்டும் கேட்டாள். பிறகு என் கையைக் கழுவச் சொல்லி, கோசிமின் வாளியிலிருந்து அவளே தண்ணீர் ஊற்றி, குழந்தையைக் கொடுத்தாள். போதிர் சாயங்காலமே திரும்புகிறார், கடிதம் அவரிடமே வருகிறது. மேலே எழுதியதில் பத்து நாள் என்பது மட்டும் அப்படியே இருக்கட்டும். அது கழிந்து அவர்களைக் கூட்டிப்போக ஆள் அனுப்பினால் போதும். பதினைந்தானாலும் நான் தப்பாக நினைக்க மாட்டேன். கையெழுத்து கோணியிருப்பதைப் பொறுத்துக்கொள்ளவும். இடது தோளில் ஆள் தூங்குகிறது, அசைய முடியவில்லை.