முழங்காலில் கட்டிய மரக்கரண்டி

தன் நிழலைக்கூட ஒருமுறை ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் நம்புகிற மனிதர் ஒருவர் உண்டென்றால், அவர் டெக்சாஸ் ஃபிரிஸ்கோவில் எனக்கு அடுத்த தெருவில் இருந்த டெஸ்டர்தான். ஆபீசில் சாஃப்ட்வேர் டெஸ்ட் பண்ணுவது அவர் வேலை. வீட்டுக்கு வந்தாலும் அந்த வேலை நிற்காது. கோவிலில் பொங்கல் கொடுத்தால் ஒரு விள்ளல் வாயில் போட்டு, ஒன்றும் ஆகவில்லை என்று தெரிந்த பிறகுதான் மீதியைச் சாப்பிடுவார். யார் வீட்டு நாற்காலியானாலும் அமுக்கிப் பார்க்காமல் உட்கார மாட்டார். நடைக்கென்று புது ஷூ வாங்கியவர், பூஜை போட்டு, அதன் அடியில் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்.

"சார், அது காருக்குத்தானே?" என்றேன்.

"நடக்கறவனுக்கு இதுதான்பா டயர்" என்றார்.

அவர் மனைவி சுமதி அக்கா முன்பு ஃபிரிஸ்கோ முழுக்க நடந்தே அளந்தவர். ஒரு குளிர்காலத்தில் வீட்டு வாசல் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து முழங்காலில் ஆபரேஷன் ஆனது. கால் சரியாகிவிட்டது, நன்றாக நடக்கலாம் என்று டாக்டரே சொல்லிவிட்டார். பயம்தான் போகவில்லை. வீட்டிலிருந்து கார், காரிலிருந்து கோவில், அவ்வளவுதான் அவர் நடை. விழுவதற்கு முன்னால் ஓர் இடத்துக்குப் போக ஆசைப்பட்டிருந்தார். மேற்கு டெக்சாஸ் பாலைவன மலைகளுக்கு நடுவே ஒரு பள்ளத்தாக்கு, உள்ளே ஓடை, இலையுதிர் காலத்தில் அங்கே மேப்பிள் மரங்கள் குங்குமமாய்ச் சிவக்கும். அந்தப் படம் அவர்கள் வீட்டு ஃப்ரிட்ஜில் ஒட்டியிருந்தது.

"போட்டோல பாத்தாச்சு, போதும்" என்று அக்கா சொன்ன அன்றே டெஸ்டர் முடிவு செய்துவிட்டார். அந்தப் பாதையை எல்லாப் பருவத்திலும் நடந்து பார்த்து, அக்கா விழவே மாட்டார் என்று உறுதியானபின் கூட்டிப் போவது.

"மேப்பிள் சிவக்கறது ஃபால்ல மட்டும்தானே? மத்த சீசன் எதுக்கு சார்?"

"எல்லா கண்டிஷன்லயும் ஓட்டிப் பாக்காம ரிலீஸ் பண்ண முடியாது தம்பி."

தம்பி என்றால் நான். என் வேன் என்றும் வைத்துக்கொள்ளலாம். அவருடைய காரை அவரே டெஸ்ட் பண்ணியிருந்ததால் அதன்மேல் அவருக்கு நம்பிக்கை இல்லை. போய்ச் சேரவே ஒரு பகல் முழுக்க டிரைவ் பண்ண வேண்டும். என் தலையெழுத்து!

முதலில் வசந்தம். பாதை தொடங்கும் இடத்தில் பையிலிருந்து இரண்டு மரக்கரண்டிகளையும் ஒரு பழைய துப்பட்டாவையும் எடுத்தார். கரண்டிகளை வலது முழங்காலின் இருபக்கமும் வைத்து இறுகக் கட்டினார்.

"சுமதிக்கு முட்டி இவ்ளோதான் மடங்கும். அவ கால்ல நடந்தாத்தானே எங்க கஷ்டம்னு தெரியும்?"

காலை இழுத்து இழுத்து நடந்தார். யாரோ போய்ச் சொல்லி, பார்க் ரேஞ்சர் முதலுதவிப் பெட்டியோடு ஓடி வந்தார். காலில் என்ன அடி என்று கேட்டார். "அடியெல்லாம் இல்லை, இது என் மனைவியின் கால்" என்று டெஸ்டர் ஆங்கிலத்தில் விளக்கினார். மனைவி எங்கே என்று ரேஞ்சர் சுற்றும்முற்றும் பார்த்தார். ஃபிரிஸ்கோவில் வீட்டில் இருக்கிறாள் என்றார் இவர். ரேஞ்சர் என்னைப் பார்த்தார். நான் மலையைப் பார்த்தேன்.

பார்க்க நிறையவே இருந்தது. கள்ளியெல்லாம் மஞ்சளும் சிவப்புமாகப் பூத்துக் கிடந்தது. "சார், பூ!" என்றேன். "இந்தக் கல்லு ஆடுது பாரு" என்றார்.

கோடையில் மடக்கு நாற்காலியோடு வந்தார். அக்காவுக்கு எங்கே கால் வலிக்கும் என்று யோசித்து, அங்கங்கே விரித்து உட்கார்ந்தார். நடுநடுவே "இன்னும் எவ்ளோ தூரங்க?" என்று அக்கா குரலில் கேட்டு, "இதோ வந்துடுச்சு சுமதி" என்று தன் குரலில் பதிலும் சொன்னார். ஒரு மான் ஓடைக்கு வந்து நிதானமாகத் தண்ணீர் குடித்துவிட்டுப் போயிற்று. டெஸ்டர் மண்ணில் வழுக்கல் இருக்கிறதா என்று குனிந்து தேய்த்துக்கொண்டிருந்தார்.

இலையுதிர் காலத்தை அக்காவோடு வருவதற்கென்று விட்டுவைத்து, அடுத்து குளிர்காலத்தில் போனோம். நிழல்பட்ட இடமெல்லாம் பனிக்கட்டி. சறுக்கி விழுந்தார். கரண்டி ஒன்று படாரென்று முறிந்தது.

"பாத்தியா? கரண்டி இல்லேன்னா முட்டி போயிருக்கும்."

"கரண்டி இல்லேன்னா நீங்க விழுந்தே இருக்க மாட்டீங்க சார்."

வீடு திரும்பியதும் அக்கா பையைத் திறந்தார். "அடப்பாவமே, என் சாம்பார் கரண்டி! இத தேடாத இடமில்ல. எப்படிங்க உடைஞ்சுது?" டெஸ்டர் கூரையைப் பார்த்தார். நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அக்கா உடைந்த கரண்டியை வெகுநேரம் கையிலேயே வைத்திருந்தார். பிறகு, "வர்ற ஃபாலுக்கு நானே வரேன். விட்டா வீட்ல ஒரு கரண்டி மிஞ்சாது" என்றார்.

சொன்னபடியே வந்தார். டெஸ்டர் முன்னால் பின்பக்கமாக நடந்தபடி, "இது சேஃப், அது ஆடும், இங்க வலது கால்" என்று ஓயாமல் சொல்லிக்கொண்டே போனார். ஓடையைத் தாண்டும் கற்களுக்கு வந்ததும் அக்கா நின்றுவிட்டார்.

"முடியலங்க. மறுபடி விழுந்துடுவேன். திரும்பிடலாம்."

ஒவ்வொரு கல்லையும் ஆட்டிப் பார்த்தே வருடம் முழுக்க நடந்த மனிதர் அவர். அன்று யோசிக்கவேயில்லை. எலுமிச்சம்பழம் நசுக்கிய அந்த ஷூவோடு ஓடைக்குள் இறங்கி, கற்களை ஒட்டி நின்று, தோளைக் காட்டினார்.

"ஐயோ, தண்ணி ஐஸா இருக்குமே! ஆழம் பாத்தீங்களா?"

"இல்ல. இத டெஸ்ட் பண்ணல. நீ பிடிச்சுக்கோ."

அக்கா பிடித்துக்கொண்டார். ஒவ்வொரு கல்லாகக் கடந்தார். அவரும் கூடவே தண்ணீரில் நடந்தார்.

அந்தப் பக்கம் மேப்பிள்கள் சிவந்து நின்றன. அக்கா மடக்கு நாற்காலியில் உட்கார்ந்து, கண் நிறையப் பார்த்தார். பிறகு கேட்டார், "ஸ்ப்ரிங்ல இங்க எப்படிங்க இருக்கும்? கள்ளியெல்லாம் பூக்குமா?"

டெஸ்டர் திருதிருவென்று விழித்தார். "தெரியாது சுமதி. நான் தரையைத்தான் பாத்துட்டு வந்தேன்."

"ஒரு வருஷமாவா?"

"ஒரு வருஷமா."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்து எத்தனை நாளாயிற்று! "அப்ப ஏப்ரல்ல மறுபடியும் வருவோம். நீங்க மேல பாத்து நடங்க, கீழ நான் பாத்துக்கறேன்" என்றார்.

அந்த ஏப்ரலில் வேன் வேண்டும் என்று டெஸ்டர் கூப்பிட்டார். அதற்கு முந்தைய நாளே நான் பெட்ரோல் போட்டு, டயரையெல்லாம் ஒருமுறை அமுக்கிப் பார்த்து வைத்திருந்தேன்.