அக்கரை முத்திரை

சாளரபுரி என்றொரு நாடு இருந்தது. வரைபடத்தில் தேட வேண்டாம். அங்கே வரைபடம் வைத்திருப்பதே குற்றம். அதை ஆண்ட அகண்டவீரர் நல்ல மனிதர்தான். ஒரே ஒரு குறை: எங்கே சிரிப்புச் சத்தம் கேட்டாலும் தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார்கள் என்று நினைப்பார். பெரும்பாலும் அவர் நினைத்தது சரியாகவே இருந்தது.

ஆற்றுக்கு அக்கரையில் மணல்மேடு நாடு. அங்கே வெளியாகும் வாரப் பத்திரிகை ஒன்று, அகண்டவீரர் அரசவையில் வாய்பிளந்து தூங்குவதைப் படமாகப் போட்டது. சாளரபுரியே வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தது. மறுநாள் படகுத்துறையை மூடினார்கள். அக்கரைக்குப் போகிற கடிதமும் அங்கிருந்து வருகிற கடிதமும் உறையில்லாமல் அஞ்சல் மண்டபத்தில் காட்டப்பட வேண்டும் என்று பறை அறைந்தார்கள்.

இதில் வசமாக மாட்டிக்கொண்டவள் ஆப்பக்கடை வெள்ளையம்மா. அவளுடைய ஒரே மகள் முத்தரசி அக்கரையில் வாழ்க்கைப்பட்டு, தலைப்பிரசவத்துக்குக் காத்திருந்தாள். பயப்படாதே என்று மகளுக்கு நாலு வரி எழுத வேண்டும். வலி கண்டதும் பக்கத்தில் போய் நிற்க வேண்டும். வெள்ளையம்மா கேட்டது அவ்வளவுதான்.

முத்தரசியின் கடிதத்தைக் கண்காணிப்பு மந்திரி கூர்விழியாரே நேரில் படித்தார். அவர் தம் வாழ்நாளில் யாருக்கும் ஒரு கடிதம் எழுதியதில்லை. பிறர் கடிதங்களைப் படிக்கவே நேரம் போதவில்லை.

"'வயிறு கீழே இறங்கிவிட்டது' என்று எழுதப்பட்டிருக்கிறதே. எவருடைய வயிறு?"

"எம் மக வயிறுங்க. மாசம் நெறைஞ்சிருக்கா."

"இந்நாட்டில் குறிப்பிடத்தக்க வயிறு ஒன்றே ஒன்றுதான் உண்டு. அது இறங்குவதாக எழுதுவது ராஜ துரோகம். கடிதம் பறிமுதல்."

வெள்ளையம்மாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஆனால் வேகிற ஆப்பத்தை விட்டுவிட்டுச் சிறைக்குப் போக முடியுமா? அக்கரையில் சுருளாண்டி என்ற புளி வியாபாரி இருந்தான். புளி வியாபாரத்துக்கு மட்டும் தடையில்லை. அவன் பெயருக்கு எழுதினால், அவன் முத்தரசியிடம் சேர்த்துவிடுவான். பதிலாள் வேலை. மூன்று நாள் நன்றாக நடந்தது. விஷயம் ஊர் முழுக்கப் பரவியதும்தான் வினை வந்தது. கடிதங்கள் திறந்தபடியே போனதால் கூர்விழியார் படித்துவிட்டார். ஒரே நாளில் முந்நூறு கடிதங்கள் சுருளாண்டிக்கு. எல்லாமே 'அன்பு மகளுக்கு' என்று தொடங்கின.

"ஒரு புளி வியாபாரிக்கு இத்தனை தாய்மாரா?" என்று அவர் நெற்றியைச் சுருக்கினார். அந்த வழியும் அடைபட்டது.

பூட்டுக்காரன் சந்தனம்தான் கடைசியில் கைகொடுத்தான். "ஆளை மாத்துனா மட்டும் போதாதுக்கா. கடுதாசியப் பூட்டணும். சாவி ஒண்ணு நம்மகிட்ட, ஒண்ணு சுருளாண்டிகிட்ட. நடுவுல எவன் பிடிச்சாலும் அவனுக்கு வெறும் பெட்டிதான்."

ஆற்றுக்கு அடியில் பாட்டன் காலத்துச் சுரங்கம் ஒன்று தூர்ந்து கிடந்தது. அதைத் தோண்டிச் சரிசெய்து, பெட்டியைக் கயிற்றில் கட்டி இழுத்தார்கள். அக்கரையில் சுருளாண்டி பூட்டைத் திறந்து, உள்ளே இருந்த கடிதத்தில் மணல்மேட்டு முத்திரையைக் குத்தி, மேற்கொண்டு அனுப்பினான். ஒரே வாரத்தில் சாளரபுரி மொத்தமும் சுரங்கத்துக்கு மாறிவிட்டது. நாளைக்கு ஆறு ஆப்பம் வேண்டும் என்று அடுத்த தெருவிலிருந்து வரும் சீட்டுகூட ஆற்றை இரண்டு முறை தாண்டி வந்தது.

அரசு சும்மா இருக்குமா? மறைக்க ஏதுமில்லாதவனுக்குப் பூட்டு எதற்கு என்று கேட்டு, நாட்டில் பூட்டையே தடைசெய்தார்கள். அந்த வாரமே வெள்ளையம்மாவின் அரிசி மூட்டை போனது, ஊராரின் கோழிகள் போயின, அரண்மனைச் சமையலறையில் நெய் போனது. சந்தனம் மட்டும் பூட்டை வெளியே தெரியாதபடி பெட்டியின் உட்புறம் பொருத்தித் தொழிலைத் தொடர்ந்தான். அடுத்து, அரசே ஒரு பாதுகாப்பான சுரங்கம் திறந்தது. கண்ணாடிப் பெட்டி, உள்ளே விளக்கு, வழிநெடுக உட்கார்ந்து படிக்க அதிகாரிகள். அதில் போன ஒரே கடிதம் அதன் திறப்பு விழா அழைப்பிதழ்.

களவு போனதைப் பற்றி மக்கள் அரசருக்கு மனு எழுதினார்கள். எழுதியவர்கள் பழக்கதோஷத்தில் அதையும் சந்தனத்தின் பெட்டியிலேயே போட்டுவிட்டார்கள். மனுக்கள் மணல்மேட்டு முத்திரையோடு அரண்மனைக்கு வந்து சேர்ந்தன. கூர்விழியாரின் சட்டப்படி, முத்திரை எந்த நாடோ, ஆளும் அந்த நாடு.

"பிரபு, இம்மாதம் குடிமக்கள் எவரும் குறை கூறவில்லை. குறை கூறிய நாற்பதாயிரம் பேரும் அந்நியர்கள்."

"ஆஹா! நம் குடிமக்கள் எத்தனை பேர்?"

"இருவர். தாங்களும் அடியேனும்."

"அப்படியானால் அந்நியர்களை உடனே வெளியேற்றும்!"

படகுத்துறை திறந்தது. வரிசையில் முதல் ஆளாக வெள்ளையம்மா நின்றாள். இடுப்பில் திப்பிலியும் பூண்டும் முடிந்த மூட்டை, முகமெல்லாம் சிரிப்பு.

"நீ எந்த நாட்டவள்?" என்றான் காவலன்.

"மணல்மேடுதானுங்க. இங்க சும்மா சுத்திப் பாக்க வந்தேன், நாப்பது வருசம் ஆயிப்போச்சு. கொஞ்சம் சீக்கிரமாத் துரத்துங்க சாமி, எம் மகளுக்கு வலி எடுத்திருச்சு!"

துரத்தினார்கள். அவள் போய்ச் சேர்ந்த நாழிகையில் பேத்தி பிறந்தாள். முத்தரசி அம்மாவின் கையை நசுக்கிய நசுக்கில் இரண்டு விரல் வீங்கிவிட்டது. அதைக் காட்டிக் காட்டி வெள்ளையம்மா பெருமைப்பட்டாள்.

இங்கே கூர்விழியார் மிச்சக் கோப்புகளைச் சரிபார்த்தபோது ஒரு கடிதம் அகப்பட்டது. மணல்மேட்டு வாரப் பத்திரிகைக்கு எழுதியது: 'அடுத்த படத்தில் என் மூக்கைக் கொஞ்சம் சிறிதாக வரையவும்.' கையெழுத்து அகண்டவீரருடையது, முத்திரை மணல்மேட்டுடையது. அரசர் எந்த ஆணையையும் கையெழுத்திடாமல் விட்டவரல்லர். தம்மை வெளியேற்றும் ஆணையிலும் கையெழுத்திட்டுவிட்டுப் படகேறினார்.

அதன்பின் கூர்விழியார் தினமும் அஞ்சல் மண்டபத்தைத் திறந்து உட்கார்ந்தார். படிக்க ஒன்றும் வரவில்லை. ஒன்பதாம் நாள் உறையில்லாத கடிதம் ஒன்று வந்தது. 'ஐயா, வயிறு எறங்கி நல்லபடியாப் பேத்தி பொறந்திருக்கா. நீங்க ஒத்தையில இருப்பீங்களேன்னு எழுதுறேன். வேளைக்குச் சாப்பிடுங்க. இப்படிக்கு, வெள்ளையம்மா.'

அதை அவர் நாற்பது தடவை படித்தார். கண் கலங்கிவிட்டது. வாழ்க்கையில் முதல் தடவையாகப் பேனாவை எடுத்து ஒரு பதில் எழுதினார். எழுதியதை விதிப்படி தாமே தணிக்கை செய்தார். இரண்டாவது வரி சந்தேகத்துக்கு இடமளித்தது.

வெகுநேரம் யோசித்தார். பிறகு எழுந்து சுரங்கத்தடிக்கு நடந்தார். சந்தனம் விட்டுப்போன பெட்டியில் கடிதத்தை வைத்துப் பூட்டி, யாராவது பார்க்கிறார்களா என்று இருபுறமும் திரும்பிப் பார்த்துவிட்டு, கயிற்றை அசைத்தார்.