ஷேர் ஆட்டோவில் வளைந்த டி.என்.ஏ.

பிழை திருத்தும் பழக்கம் உள்ளவர்களிடம் வளைந்த பொருள் எதையும் ஒப்படைக்கக் கூடாது. நான் இலக்கிய மாணவி. கல்யாணப் பத்திரிகையைக் கையில் கொடுத்தால் முதலில் ஒற்றுப்பிழைதான் என் கண்ணில் படும். (முகூர்த்த நேரம் படாது. ஒரு முறை தாலி கட்டி முடித்துச் சாப்பாட்டுப் பந்திக்குத்தான் போய்ச் சேர்ந்தோம்.)

என் அக்கா பிருந்தா அப்போது உயிர்வேதியியல் முதுகலை இறுதியாண்டில் இருந்தாள். டி.என்.ஏ. சுருளின் வடிவம்தான் அவளது ஆய்வேட்டின் பொருள். பாடநூல் அட்டையில் அது முறுக்கிய ஏணி போல நேராக நிற்கும். உண்மையில், அதன் A, T, G, C என்ற நான்கு வேதி எழுத்துகள் எந்த வரிசையில் வருகின்றனவோ அதற்கேற்ப அங்கங்கே சாயும், இறுகும், தளரும். இதைக் காட்டக் கட்டுக்கம்பியாலும் வண்ண ஸ்ட்ராக்களாலும் ஒரு மாதிரி செய்திருந்தாள். அதில் ஓரிடத்தில் ஒரு வளைவு. அந்த வளைவை விளக்கி வாய்மொழித் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்கினால்தான் அவள் ஆசைப்பட்ட ஆராய்ச்சிக்கூடத்தில் இடம்.

தேர்வன்று அவள் முன்னதாகவே கல்லூரிக்குப் போய்விட்டாள். பழைய வேட்டியில் சுற்றிய மாதிரியைப் பட்டாபிராமிலிருந்து பூந்தமல்லிக்குக் கொண்டுசேர்ப்பது என் பொறுப்பு. வளைவு பத்திரம் என்று மட்டும் சொல்லியிருந்தாள். எங்கே வளைவு என்று நான் கேட்கவில்லை. கேள்வி கேட்பது என் இயல்பன்று.

ஆவடியில் ஷேர் ஆட்டோ ஏறினேன்.

"இன்னாமா அது, கரும்பா?" என்றார் ஓட்டுநர்.

டி.என்.ஏ. என்றேன்.

"இன்னாவோ ஒண்ணு. அத்த மடில வெச்சிக்கினு கொஞ்சம் தள்ளிக் குந்து. அண்ணன் ஒருத்தரு வராரு."

வந்த அண்ணன் கணக்கில் ஒருவர், அகலத்தில் இருவர். கையில் புது குக்கர் பெட்டி வேறு. அடுத்த நிறுத்தத்தில் இன்னும் இருவர் ஏறினார்கள். குக்கர் பெட்டி என் மடிக்கு இடம்பெயர்ந்தது. பெட்டிக்கு அடியில் மனிதகுலத்தின் மரபு நசுங்கிக்கொண்டிருந்தது. நானோ நாகரிகம் கருதி வாய் திறக்கவில்லை.

கல்லூரி வாசலில் வேட்டியை அவிழ்த்தேன். இரண்டு வளைவுகள் இருந்தன. நடுவில் மெலிதாக ஒன்று. கீழ்ப்பகுதியில் எடுப்பாக ஒன்று. அக்காவின் கைபேசி அணைந்திருந்தது.

மூலபாடம் எது, இடைச்செருகல் எது என்று முடிவுசெய்வது எங்கள் துறையின் தலையாய பணி. ஆய்ந்தேன். கீழ் வளைவு தெளிவானது, துணிச்சலானது, ஆகவே ஆசிரியருடையது. நடுவில் உள்ளது தயக்கமான, அரைமனதான சாய்வு. குக்கர் பெட்டியின் கைவரிசை. வாசல் தூணில் மாதிரியைச் சாய்த்து, நடு வளைவை அங்குலம் அங்குலமாக நேராக்கினேன். அவ்வளவு ஈடுபாட்டுடன் நான் என் ஆய்வுக் கட்டுரையைக்கூடத் திருத்தியதில்லை.

மாதிரிக்குத் தானாக நிற்கத் தெரியாததால், தேர்வறையில் நானே அதன் கம்பமாக நின்றேன். வெளியிலிருந்து வந்த தேர்வாளர் நரைத்த தலையுடன் ஓர் அம்மையார். அக்கா அவர் முகத்தைப் பார்த்தபடியே பேசினாள். திரும்பாமல் மாதிரியின் நடுவைச் சுட்டினாள். இந்த வளைவு முழுக்க எழுத்து வரிசையால் வருவது என்றாள்.

"எந்த வளைவும்மா? அங்க நேராத்தான இருக்கு," என்றார் அம்மையார். "கீழதான் வளைஞ்சிருக்கு. அது எதனால?"

அக்கா திரும்பினாள். முதலில் மாதிரியைப் பார்த்தாள், பிறகு என்னை. அந்தப் பார்வைக்குத் தமிழில் இன்னும் சொல் உருவாகவில்லை. அந்த அறையில் விடை தெரிந்த ஒரே ஆள் நான்.

"அது ஷேர் ஆட்டோ, மேடம்," என்றேன்.

நிகழ்ந்ததை முழுதாக ஒப்பிக்க வைத்தார். குக்கர் பெட்டி வரை சொன்னேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு அக்காவிடம் திரும்பினார்.

"டி.என்.ஏ.வப் படிகமாக்கிப் பாக்கும்போதும் இதேதானம்மா. நெருக்கமா அடுக்கியிருக்கும்போது பக்கத்து மூலக்கூறு தள்ளுது. எது வரிசையால வந்த வளைவு, எது நெருக்கத்தால வந்ததுன்னு எப்படிச் சொல்லுவ?"

அக்கா நிமிர்ந்து நின்றாள். "அதே வரிசைய வேற வேற மாதிரி அடுக்கின படிகங்கள்ல பாக்கணும், மேடம். எல்லாத்துலயும் இருக்குற வளைவு வரிசையோடது. இடம் மாறினா மாறுறது நெருக்கத்தோடது." பின் என்னை முறைத்துவிட்டுச் சேர்த்தாள்: "ஒரே ஆட்டோவ மட்டும் பாத்துட்டு முடிவு பண்ணக் கூடாது."

அம்மையார் சிரித்துவிட்டார். அக்காவுக்கு அந்த இடம் கிடைத்தது. (ஒரே சுவடியை வைத்துக்கொண்டு பாடம் தீர்மானிக்கக் கூடாது என்று எனக்கும் முதலாண்டிலேயே சொல்லிக்கொடுத்திருந்தார்கள். அன்று எனக்கு விடுப்பு இல்லை, வகுப்பில்தான் இருந்தேன்.)

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் யார் முகம் கோணினாலும் அப்பா கேட்பது ஒரே கேள்வி: "இது வரிசையா, ஆட்டோவா?" அலுவலகத்தில் திட்டு வாங்கி வந்தால் ஆட்டோ. அத்தைக்கு எப்போதும் வரும் கோபம் வரிசை.

போன மாதம் திருவேற்காட்டில் ஒரு கல்யாணம். நான் மூலை நாற்காலியில் வாய் திறவாமல் உட்கார்ந்திருந்ததைப் பார்த்த உறவுக்கார அம்மாள் ஒருவர், பெண்ணுக்கு ஏதும் மனக்கஷ்டமா என்று அம்மாவிடம் விசாரித்தார்.

"அதெல்லாம் ஒண்ணுமில்லக்கா," என்றாள் அம்மா. "இவள எந்த ஆட்டோல ஏத்தினாலும் இப்படித்தான் இருப்பா."