பித்தப்பையும் துணைக் காப்பீடும்

மனிதகுலம் நெருப்பைக் கண்டுபிடித்தது, சக்கரத்தைக் கண்டுபிடித்தது, பிறகு கொஞ்சம் ஓய்வெடுத்துக்கொண்டு, துணை மருத்துவக் காப்பீட்டைக் கண்டுபிடித்தது. மூன்றாவதை என் வீட்டு வாசலுக்கே கொண்டுவந்த பெருமை, காப்பீட்டு முகவரான என் மைத்துனரையே சாரும்.

நான் நகராட்சியில் பிறப்பு இறப்புப் பதிவு எழுத்தர். அரசு ஆஸ்பத்திரிக்கென்று மாதாமாதம் சம்பளத்தில் ஒரு சிறு பிடித்தம் உண்டு. வைத்தியத்துக்கு வேறு செலவு கிடையாது. இந்த 'அவலநிலை'யை மைத்துனரால் பொறுக்க முடியவில்லை.

"ஆபரேஷனுக்கு அங்கே எவ்வளவு வாங்குறாங்க, மாமா?"

"ஒண்ணும் வாங்குறதில்லைப்பா."

"பாருங்க! ஒண்ணும் வாங்காதவன் என்னத்தைக் குடுப்பான்?"

தர்க்கத்தில் மயங்கிக் கையெழுத்திட்டேன். பிரீமியம், பிடித்தத்தைப் போல ஆறு மடங்கு. பதிலுக்கு ஒரு நீல அட்டையும் நாற்பது பக்க நிபந்தனைகளும் கிடைத்தன.

ஏழாம் மாதம் மனைவிக்கு விலாவுக்குக் கீழே வலி. அரசு ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுத்து, பித்தப்பையில் கல் என்றார்கள். ஆபரேஷனுக்கு நாலு மாதம் காத்திருக்க வேண்டுமாம். நான் கம்பீரமாக அட்டையை எடுத்துக் காப்பீட்டு நிறுவனத்துக்குப் போன் போட்டேன். தேன்குரலில் ஒரு பெண் விசாரணையைத் தொடங்கினார்.

"சார், இந்தப் பித்தப்பை பாலிசி எடுக்கிறதுக்கு முன்னாடியே இருந்துச்சா?"

"பொறந்ததுல இருந்தே இருக்கு, மேடம்."

"அப்போ அது 'முன்பே இருந்த பிரச்சினை', சார். பாலிசியில வராது."

"பைதான் இருந்துச்சு, கல் இல்லையே!"

"பை இல்லாம கல் எங்க சார் வரும்?"

விஞ்ஞானத்தோடு நான் வாதிடுவதில்லை.

இரண்டு வாரம் கழித்து, ஒரு காலையில் அவள் சமையலறைத் தரையில் சுருண்டு கிடந்தாள். முகமெல்லாம் வேர்வை, பேச்சு வரவில்லை. பக்கத்து வீட்டுக்காரர் காரில் அரசு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். பார்த்த உடனே உள்ளே எடுத்துக்கொண்டார்கள். கண்கள் சிவந்திருந்த ஒரு டாக்டரம்மா மத்தியானத்துக்குள் பித்தப்பையையே எடுத்துவிட்டார்.

"எவ்வளவு கட்டணும்?" என்று நர்ஸிடம் கேட்டேன்.

"தண்ணி கேட்டா இப்போ குடுக்காதீங்க. அவ்வளவுதான்."

உயிர் திரும்பியதும் எனக்குள் பாலிசிதாரரும் எழுந்துகொண்டார். "இவ்வளவு நல்லா பாக்குறீங்க, அப்புறம் எதுக்கு நாலு மாசம் காக்க வைக்கிறீங்க?" என்று கண்டனம் தெரிவித்தேன்.

"அஞ்சு சர்ஜன் இருந்தாங்க சார். மூணு பேரைப் புது பிரைவேட் ஆஸ்பத்திரி இழுத்துக்கிச்சு. அங்கே இன்ஷூரன்ஸ் பணம் கொட்டுதாம்."

மனைவி மெல்லக் கண் திறந்தாள். மயக்கம் இன்னும் முழுசாகத் தெளியவில்லை. கேள்வி மட்டும் தெளிவாக வந்தது.

"அப்போ அந்த மூணு பேரையும் இங்கேயிருந்து கிளப்புனதே நீங்கதானா?"